கை கழுவும் தொட்டிக்கு மேல் ஒட்டிய காகிதம்

அந்தக் காகிதம் சுவரிலிருந்து இரண்டு முறை பெயர்ந்து தொங்கியது. இரண்டு முறையும் சோற்றுக் கஞ்சியைப் பசையாகக் கிண்டி, நான்கு மூலையிலும் தடவி, உள்ளங்கையால் நீவி மறுபடி ஒட்டியவள் யின்ஹுவாதான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஒரு அறிவிப்பு தொங்கிக்கொண்டு நின்றால் பார்க்க நன்றாகவா இருக்கும்? கை கழுவும் தொட்டிக்கு மேலே இருப்பதால் கையைச் சுத்தமாகக் கழுவச் சொல்லும் அறிவிப்பு என்று நினைத்திருந்தாள். கீழே சிவப்பாக இருந்த கட்டைவிரல் ரேகை தன்னுடையது என்பது அவளுக்குத் தெரியும். கை கழுவுவேன் என்று உறுதி சொல்லித்தானே விரல் வைத்தோம் என்று சும்மா இருந்துவிட்டாள்.

அவள் சீனாவின் தென்மேற்கில் குய்சோ மலையில் பிறந்தவள். டோங் என்ற மலையினத்துப் பெண். மூன்றாம் வகுப்போடு நின்றவள், படித்ததும் மறந்துபோயிருந்தது. கிழக்கே சூஜி நகரத்துக்குக் காலுறை ஆலை வேலைக்கு வந்து, அங்கே சரக்கு வண்டி ஓட்டிய கோங்லியாங்கைக் கட்டிக்கொண்டு, ஆற்றோரத்து ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. உள்ளூர்ப் பேச்சைக் கொச்சையாகப் பேசுவாள். பள்ளியில் பேசுகிற பொதுச் சீனம் பாதி புரியும், பாதி புரியாது. எழுத்து என்றால் அரிசி மூட்டையில் இருக்கும் ‘அரிசி’யும், மீன் கூடையில் இருக்கும் ‘மீன்’ எழுத்தும் தெரியும். வாய் திறப்பது குறைவு. கண்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

சமையலறைக்குத் தலைவி லோ குய்ஃபென். அடுத்த பருவத்துக்கு யாரை வேலைக்குக் கூப்பிடுவது, யாரை விடுவது என்பது அவள் வாயில் இருந்தது. அதனால் எல்லோரும் அவள் சொன்ன நகைச்சுவைக்கு அவள் முடிக்கும் முன்னாலேயே சிரிப்பார்கள்.

“ஏண்டி மலைக்காரி, மீனை அறுக்கச் சொன்னா முதுகுல கத்தி வைக்கறியே, உங்க ஊர் மீனுக்கு வயிறு முதுகுலயா இருக்கு?” என்பாள் லோ.

யின்ஹுவாவின் ஊரில் மீனை முதுகில்தான் பிளப்பார்கள். வயிறு முழுசாக இருந்தால்தான் அரிசியும் மிளகாயும் திணித்துப் புளிக்க வைக்க முடியும். முதுகைப் பிளந்து புத்தகம் போல விரித்தால் பித்தப்பை கடைசியில்தான் கைக்கு வரும், முழுசாக வரும். ஆறு வருஷம் மீன் பலகையில் நின்றாள். ஒரு பித்தப்பை உடைந்ததில்லை.

உடைந்தது போன வருஷம் ஆசிரியர் தினத்தன்று. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். “விருந்து மீன் என் கையால. மலைக்கத்தி இன்னிக்கு அதைத் தொடக்கூடாது” என்று லோவே பலகையில் நின்றாள். ஒரு தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, வரப்போகும் மருமகளின் வாயைப் பற்றித் தன் தங்கையிடம் பேசியபடியே வயிற்றில் கத்தியைச் செருகினாள். முதல் மீனிலேயே பச்சைத் தண்ணீர் பாத்திரத்தில் கலந்தது. அதே தண்ணீரில் பன்னிரண்டு கெண்டையும் முங்கி எழுந்தன. காய்கறி கழுவும் பியன் ஷுசென் அதைப் பார்த்தாள். அடுப்புக்காரரும் பார்த்தார். யின்ஹுவா அப்போது வெளியே கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் ஒரு வாய் வைத்துவிட்டு, கசப்பு தாங்காமல் குச்சிகளைக் கீழே வைத்தார்கள்.

மறுநாள் லோ ஒரு காகிதத்தோடு வந்தாள். “ஹெட்மாஸ்டர் எல்லார்கிட்டயும் எழுதி வாங்கச் சொன்னார். இனிமே ஜாக்கிரதையா இருப்போம்னு. எங்களோடது ஆபீஸ்ல கொடுத்தாச்சு. உனக்கு எழுத வராதேன்னு நானே எழுதிட்டேன், பாவம். விரலை வை.”

“நன்றி அக்கா” என்று சொல்லித்தான் யின்ஹுவா விரலைச் சிவப்பு மையில் தோய்த்தாள்.

அன்றைக்கே, ஆசிரியர்களும் கை கழுவும் தொட்டிக்கு மேல் அந்தக் காகிதம் ஏறியது. அவளை மீன் பலகையிலிருந்து எடுத்து, சாப்பாட்டுக்கூடத்தில் தட்டு நிரப்பும் ஜன்னலில் நிறுத்தினார்கள். ஏன் என்று கேட்கவில்லை. சில ஆசிரியர்கள் தட்டை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மலைக்காரி என்பதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பெரிய திரை இருந்தது.

பிள்ளைகள் சாப்பிடும்போது தினமும் அதில் ஐந்து நிமிஷப் படம் ஒன்று ஓடும். பழங்கதைகள். படகிலிருந்து வாள் தண்ணீரில் விழுந்ததும், விழுந்த இடம் தெரியட்டும் என்று படகின் விளிம்பில் கீறி வைத்த ஒருவன். முயல் ஒன்று மரக்கட்டையில் மோதிச் செத்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த முயலுக்காக வயலை விட்டுக் கட்டைக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்தவன். ஒவ்வொரு கதையையும் நான்கே எழுத்தில் அடக்கிய ஒரு பெயர் கடைசியில் திரை முழுக்க வரும். பிள்ளைகள் வாயில் சோற்றோடு கோரஸாகச் சொல்வார்கள். பிறகு பணியில் இருக்கும் ஆசிரியர் எழுந்து, “என்ன பார்த்தீங்க? என்ன கத்துக்கிட்டீங்க?” என்று கேட்பார்.

என்ன கற்றுக்கொண்டாய் என்று யின்ஹுவாவை யாரும் கேட்கவில்லை. அவள் கற்றுக்கொண்டாள். பேச்சு ஓடும்போது கீழே எழுத்தும் ஓடியது. காதால் ஒன்றைப் பிடித்து, கண்ணால் அதன் எழுத்தைப் பிடித்தாள். ஜன்னல் கண்ணாடியில் சோற்று ஆவி படிந்ததும் விரலால் எழுதிப் பார்த்து, யாராவது தட்டோடு வந்தால் துணியால் துடைத்துவிடுவாள். சீனப் புத்தாண்டான வசந்த விழா விடுமுறை வருவதற்குள் நானூறு எழுத்துக்கு மேல் கையில் இருந்தது.

விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் அந்த ராஜாவின் கதை வந்தது. யுவே நாட்டு ராஜா. சூஜி இருக்கும் அந்த மண்ணுக்கே சொந்தக்காரர் என்பதால் பிள்ளைகள் அவர் வந்ததுமே கை தட்டினார்கள். போரில் தோற்று, எதிரியின் லாயத்தில் குதிரைச் சாணம் அள்ளி, ஊர் திரும்பிய பிறகும் மெத்தையில் படுக்காமல் விறகுக் கட்டைமேல் படுத்தவர். தலைக்கு மேலே ஒரு பித்தப்பையைக் கட்டித் தொங்கவிட்டு, பட்ட அவமானம் மறந்துவிடாமல் இருக்கத் தினமும் அதை நக்கியவர். கடைசியில் நான்கு எழுத்து வந்தது. நான்காவது எழுத்து, பித்தப்பை.

அதைக் கண்ணில் வைத்துக்கொண்டே யின்ஹுவா கை கழுவப் போனாள். தலையை நிமிர்த்தினாள். சுவரில் அதே எழுத்து இருந்தது.

கை கழுவச் சொல்லும் அறிவிப்பில் பித்தப்பைக்கு என்ன வேலை?

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்ற பியன், “குழாயை மூடேன், ஆறு ஓடுது” என்றாள். யின்ஹுவா மூடினாள். மூடும்போதுதான் அந்த எழுத்துக்கு முன்னால், இதுவரை படிக்கப் பார்க்காமலே விட்ட ‘மீன்’ இருப்பதும் தெரிந்தது.

யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் வரும். ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் இரண்டு எழுத்தை மனசில் வாங்கிக்கொண்டு போய், மாவு மூட்டையின் பின்புறத்தில் கரியால் எழுதினாள். தெரியாத எழுத்து எந்தப் படத்திலாவது வரும் வரை காத்திருந்தாள். ‘சோம்பல்’ முயலுக்குக் காவல் இருந்தவன் படத்தில் கிடைத்தது. ‘மறைத்தேன்’, சத்தம் யாருக்கும் கேட்காது என்று தன் காதைப் பொத்திக்கொண்டு மணி திருடியவன் படத்தில் கிடைத்தது. ஐந்து வாரத்தில் காகிதம் முழுசாக வாயைத் திறந்தது.

‘ஊ யின்ஹுவா ஆகிய நான் மலையிலிருந்து வந்தவள், படிப்பில்லாதவள், வேலையில் சோம்பல் உள்ளவள். விருந்து மீன்களை அறுக்கும்போது போனில் பேசிக்கொண்டிருந்து மீன் பித்தப்பையை உடைத்தேன். உடைத்ததை மறைத்தேன். என்னைத் திருத்தப் பாடுபட்ட லோ குய்ஃபென் அக்காவின் சொல்லை மதிக்கவில்லை. என்னைப் பார்த்து மற்றவர்கள் எச்சரிக்கையாக இருக்கட்டும்.’

இதைத்தான் இரண்டு முறை கஞ்சி காய்ச்சி ஒட்டியிருந்தாள்.

அன்று சாயங்காலம் கோங்லியாங்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “மழைக்கு எனக்குக் குடை எடுத்துக்கிட்டு அங்க நாலு தடவை வந்திருக்கே. அந்தக் காகிதத்தைப் படிச்சியா?”

அவன் செருப்பைக் கழற்றுவதிலேயே கண்ணாக இருந்தான். “தெரிஞ்சா நீ வேலைய விட்டுடுவே. எதுக்கு வம்புன்னுதான்...”

அதற்குப் பிறகு ஒரு மாசம் அவள் அவனுக்கு மீன் சமைக்கவில்லை. கேட்டபோது, “எனக்குத்தான் மீன் அறுக்கத் தெரியாதே, சுவர்ல எழுதியிருக்கே” என்றாள்.

லோவை என்ன செய்வது? லோவின் தேநீர்க் குவளை ஜன்னல் ஓரத்தில் மூடியில்லாமல்தான் இருக்கும். கெண்டையின் பித்தம் உள்ளே போனால் ஆளைக் கிடத்திவிடும் என்று மீன் அறுக்கிற எல்லோருக்கும் தெரியும். யின்ஹுவா அந்தக் குவளையை ஒரு முழு நிமிஷம் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். பரிதாபம் ஒன்றும் இல்லை. படுக்கையில் கிடப்பவள் காகிதம் வாசிக்க மாட்டாள். லோ வாசிக்க வேண்டும். பள்ளி மேடையில், நானூறு பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் முன்னால், தன் வாயால் தன் குற்றத்தை வாசிக்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

தாமரை விதைக்குள் இருக்கும் பச்சை முளையைக் காயவைத்தது ஒரு டப்பா வாங்கிக்கொண்டாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றை நாக்கில் வைத்து மென்றாள். கசப்பு பிடரி வரை போகும். அந்த முகத்தோடு சமையலறைக்குள் போய், “வணக்கம் லோ அக்கா” என்பாள்.

“என்னடி, காலங்காத்தால மூஞ்சி இப்படி இருக்கு? புருஷன் அடிச்சானா?” என்பாள் லோ. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

தினமும் சமைப்பதற்கு முன் தட்டுகளைப் போட்டோ எடுத்துத் தேதி போட்டு ஒரு பதிவேட்டில் ஒட்டி வைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். ஜன்னலுக்கு மாற்றிய பிறகு அந்தப் பதிவேட்டை அடுக்குவதும் யின்ஹுவாவின் வேலையாகியிருந்தது. ஆசிரியர் தினத்துப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். பன்னிரண்டு கெண்டைகள் தட்டில் கிடந்தன. பன்னிரண்டுக்கும் முதுகு வழுவழுப்பாக, முழுசாக இருந்தது. அத்தனைக்கும் வயிற்றில்தான் வெட்டு.

சாட்சி கிடைத்துவிட்டது. ஆனால் சாட்சியைப் பார்த்து, “அன்னிக்கு மட்டும் நான் சொன்னபடி வயித்துல அறுத்தா, அதான் உடைஞ்சுது” என்று லோ ஒரு வார்த்தையில் தள்ளிவிடுவாள். அப்படி இல்லை என்று லோவே சொல்ல வேண்டும். லோவை எப்படிப் பேச வைப்பது?

அதற்கு வழி தானாக வந்தது. நான்காம் மாதம் வாசிப்பு மாதம். ஒவ்வொரு பிரிவும் ஒரு பழங்கதையைப் போனில் படமாக எடுத்துத் தர வேண்டும், சமையலறையும்தான் என்று ஹெட்மாஸ்டர் சுவான் சொல்லிவிட்டார். லோ தலையில் கை வைத்தாள். “நமக்கு யாருக்குடி கதை தெரியும்?”

“அந்த ராஜா கதை இருக்கே அக்கா. பித்தப்பையை நக்குவாரே. பித்தப்பை நம்மகிட்டதான் இருக்கு” என்றாள் யின்ஹுவா. “ராஜா வேஷம் உங்களுக்குப் பொருத்தமா இருக்கும்.”

லோ அவளை மேலும் கீழும் பார்த்தாள். “மலைக்காரிக்கு மூளை கூட இருக்கு” என்றாள். அவளுக்குப் பிடித்துவிட்டது.

கணினி சொல்லிக்கொடுக்கும் ஹே டீச்சர் போனோடு வந்தாள். உடைந்த காய்கறிப் பெட்டிகள் விறகாயின. மேசை விரிப்பு ராஜாவின் அங்கியானது. நூடுல்ஸ் வடிகட்டியைக் கவிழ்த்துக் கிரீடமாக வைத்துக்கொண்டாள் லோ. பெட்டிமேல் படுத்து, “ஐயோ ஆணி குத்துதுடி!” என்று அலறினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அக்கா, ராஜாவே மீனை அறுத்துப் பித்தப்பையை எடுக்கற மாதிரி வைக்கலாமா?” என்று யின்ஹுவா கேட்டாள். “உங்க கைக்கு அழகா வரும்.”

லோ ஒரு கெண்டையை எடுத்து வயிற்றைக் கீறி, இந்த முறை கவனமாகப் பித்தப்பையை வெளியே எடுத்துக் காட்டினாள். ஹே டீச்சரின் போன் படம் பிடித்துக்கொண்டே இருந்தது.

“நானும் ஒண்ணு அறுக்கறேனே அக்கா. உங்களை மாதிரியே, வயித்துப் பக்கமா.”

“யாரு, நீயா?” லோ கத்தியை உயர்த்தினாள். “கேளுங்க டீச்சர் இந்தக் கூத்தை. ஆறு வருஷம் என் பலகையில நின்னா. ஒரு நாள், ஒரே ஒரு மீன், வயித்துல கத்தி வச்சிருப்பாளா? என் தொண்டைத் தண்ணி வத்தினதுதான் மிச்சம். எப்பப் பாரு முதுகு, முதுகு! செத்தாலும் இவ மாத்த மாட்டா!”

“ஒரு மீன் கூடவா இல்ல அக்கா?”

“ஒண்ணே ஒண்ணு காட்டுடி, இந்தக் கிரீடத்தை உனக்குத் தர்றேன்!”

பியன் மட்டும் சிரிக்கவில்லை. கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு யின்ஹுவாவையே பார்த்தாள்.

கதையைப் பின்னால் நின்று சொல்லும் குரல் யாருடையது என்று பேச்சு வந்தபோது, யின்ஹுவா ஒரு தாளை நீட்டினாள். அவளே எழுதியது. ஹே டீச்சர் படித்துவிட்டு, “நீங்களா எழுதினீங்க?” என்று இரண்டு முறை கேட்டாள். படத்தின் கடைசியில் சேர்க்க இரண்டு போட்டோவும் இருந்தன. ஒன்று பதிவேட்டின் பக்கம். இன்னொன்று தொட்டிக்கு மேலே இருந்த காகிதம்.

ஹே டீச்சர் இரண்டு போட்டோவையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். “இதைச் சேர்த்தா என்ன ஆகும் தெரியுமா?”

“தெரியும் டீச்சர். தெரிஞ்சுதான் கொண்டு வந்தேன்.”

“ஹெட்மாஸ்டர் என்னைத்தான் கேப்பார்.”

“ஆசிரியர் தினத்துலேருந்து தினமும் அங்கதான் கை கழுவறீங்க. ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டு, இதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமான்னு கேட்டீங்களா?”

ஹே டீச்சரின் காது சிவந்தது. போட்டோக்களை வாங்கிக்கொண்டாள்.

படம் வியாழக்கிழமை மதியம் ஓடியது. வடிகட்டிக் கிரீடத்தோடு லோ வந்ததும் சிரிப்பில் கூடமே இடிந்தது. பித்தப்பையை நக்கி முகத்தைச் சுளித்தபோது முன்வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்து முகத்தைச் சுளித்தார்கள். “எப்பப் பாரு முதுகு, முதுகு!” வந்தபோது எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் லோதான். பக்கத்திலிருந்த ஆசிரியையின் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

பிறகு பன்னிரண்டு கெண்டைகள் திரையில் வந்தன. கீழே தேதி. ‘ஆசிரியர் தினம்.’ பிறகு காகிதம், சிவப்பு ரேகையோடு. அதை ஒரு பெண் குரல் பொதுச் சீனத்தில் நிதானமாக, ஒரு எழுத்தும் தடுக்காமல் வாசித்தது. அது யாருடைய குரல் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலில் கரண்டியோடு நின்றவளைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

படம் முடிந்தது. ஹே டீச்சர் எழுந்தாள். வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டாள்.

“என்ன பார்த்தீங்க?”

“மீனுக்கெல்லாம் முதுகு கிழியல டீச்சர்!” என்று நாலாபக்கத்திலிருந்தும் வந்தது. “எல்லாம் வயித்துல கிழிஞ்சிருந்துச்சு!” “அப்ப அந்த அத்தை அறுக்கல!” “ராஜாதான் அறுத்தாங்க!”

லோ எழுந்து நின்றாள். “விளையாட்டுக்குப் பேசினதை எல்லாம்... அன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவ...” ஒரே ஒரு மீன் கூட இல்லை என்று சற்று முன் திரையில் கத்தியது அவள் வாய்தான். அது அவளுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். பாதியில் நின்றது.

ஹெட்மாஸ்டர் சுவான் சமையலறைப் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு யார் அறுத்தது?”

அடுப்புக்காரர் அடுப்பைப் பார்த்தார். பியன் ஷுசென் மேலங்கியில் கையைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். “விருந்து மீனை லோ அக்காதான் அறுத்தா சார். போன்ல பேசிக்கிட்டே. நான் பார்த்தேன். சொல்லாதது என் தப்பு.”

அன்று சாயங்காலம் ஹெட்மாஸ்டர் யின்ஹுவாவை அறைக்குக் கூப்பிட்டார். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். “அந்தக் காகிதத்தைக் கிழிச்சாச்சு. லோ வயசுல பெரியவங்க. உங்ககிட்டத் தனியா மன்னிப்புக் கேட்டா போதாதா?”

“என் காகிதம் தனியாவா ஒட்டியிருந்துச்சு சார்?”

அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, சரி என்று தலையசைத்தார்.

லோ எழுதிக் கொடுத்த முதல் தாளில் ‘ஒரு சிறு கவனக்குறைவு’ என்று இருந்தது. யின்ஹுவா படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். “சிறுசுன்னு எழுதியிருக்கீங்க அக்கா. எனக்கு எழுதும்போது அந்த எழுத்து உங்களுக்குத் தெரியலையே.” இரண்டாவது தாளில் ‘தவறு நிகழ்ந்துவிட்டது’ என்று வந்தது. அதையும் திருப்பினாள். “தானா நிகழ்ந்துச்சா? யார் செஞ்சது?” மூன்றாவது தாளில் எல்லாம் இருந்தது. போன், பித்தப்பை, மறைத்தது, படிக்கத் தெரியாதவளிடம் பொய் சொல்லி விரல் ரேகை வாங்கியது.

“கையெழுத்துப் போட்டாச்சு. போதுமா? இல்ல என் தோலை உரிக்கணுமா?” என்றாள் லோ.

யின்ஹுவா சிவப்பு மைப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினாள். “விரலும் வேணும் அக்கா.”

திங்கட்கிழமை கொடியேற்றம் முடிந்ததும் லோ மேடையில் ஏறி வாசித்தாள். குரல் எழும்பவில்லை. பின்வரிசையிலிருந்து பிள்ளைகள், “கேக்கல!” என்றார்கள். திரும்ப முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று. யின்ஹுவா கூட்டத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கினாள். இனித்தது. ஒளிப்பதற்கில்லை, இனித்தது. அன்று காலையும் தாமரை முளையை மென்றுவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனாலும் இனித்தது.

மறுவாரம் அவள் மீன் பலகைக்குத் திரும்பினாள். லோ வேலையை விடவில்லை. தலைமை மட்டும் பியனிடம் போனது. இப்போது லோ காய்கறி கழுவுகிறாள். ஒரு நாளைக்கு இருபது முறையாவது அந்தத் தொட்டிக்கு வர வேண்டும். லோவின் காகிதம் அங்கேதான், பழையது இருந்த அதே இடத்தில் ஒட்டியிருந்தது. பருவம் முடியும் வரை இருக்கட்டும் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார்.

ஆறாம் மாதம், பிளம் பழம் பழுக்கிற காலத்து மழை பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் வியர்த்தது. ஒரு காலையில் காகிதத்தின் மேல் மூலை இரண்டும் பெயர்ந்து, எழுத்தை உள்ளே வைத்து மடங்கித் தொங்கியது. கீரைக்கூடையோடு வந்த லோ அதைப் பார்த்தாள். நாளைக்குள் தானாகவே தண்ணீரில் விழுந்துவிடும். திரும்பிப் பார்த்தாள். யின்ஹுவா மீன் பலகையில் நின்றிருந்தாள்.

“பருவம் முடிய இன்னும் பத்து நாள்தானே இருக்கு” என்றாள் லோ, மெதுவாக. “அது பாட்டுக்கு விழட்டுமே, யின்ஹுவா.”

மலைக்காரி என்ற வார்த்தை வரவில்லை. ஏழு வருஷத்தில் நேருக்கு நேர் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் முறை.

யின்ஹுவா கையில் இருந்த கெண்டையை முதுகில் பிளந்து, விரித்து, பித்தப்பையை முழுசாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். அடுப்புக்குப் போய் ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து, பசையாகும் வரை கிண்டினாள். திரும்பி வந்து நான்கு மூலையிலும் தடவி, உள்ளங்கையால் மேலிருந்து கீழே நீவி ஒட்டினாள்.

இதற்கு முன் இரண்டு முறை ஒட்டிய கை. பழக்கம் இருந்தது. இந்த முறை நடுவிலும் கொஞ்சம் தடவினாள்.